தொலைத்தொடர்பு வர்த்தகச் சட்டத் தேர்வு: மூல ஆவணத்திலிருந்து தொடங்குங்கள்

பன்னாட்டு வர்த்தகச் சட்டத்தின் மாதிரித் தேர்வில், உலக வர்த்தக அமைப்பின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறைக் கொள்கைகளைத் தொகுத்துச் சொல்லும் 'குறிப்பு ஆவணம்' (Reference Paper) பற்றி நான் இப்படி எழுதியிருந்தேன்: "குறிப்பு ஆவணம், அரசின் பிடியில் இல்லாத ஒழுங்குமுறை ஆணையத்தைக் கோருகிறது." ஆசிரியர் ஓரத்தில் "எங்கே?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார்.

அன்றிரவுதான் மூல ஆவணத்தை முதன்முதலாக எடுத்துப் படித்தேன். சில பக்கங்கள்தான், ஆறு தலைப்புகள். ஐந்தாவது தலைப்பு சொல்வது இதுதான்: ஒழுங்குமுறை அமைப்பு, அடிப்படைத் தொலைத்தொடர்புச் சேவை வழங்கும் எந்த நிறுவனத்திலிருந்தும் தனித்து இருக்க வேண்டும், அந்த நிறுவனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதாக இருக்கக்கூடாது. அமைச்சகத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் அமைச்சகமே தொலைபேசிச் சேவையையும் நடத்தும் நாட்டில் இந்த ஒரு வரி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். விதி வகுப்பவரும் வியாபாரம் செய்பவரும் ஒருவராக இருக்க முடியாது; துறையைப் பிரித்தே ஆக வேண்டும். வர்த்தக உறுதிமொழி உள்நாட்டுச் சீர்திருத்தமாக மாறும் இடம் எனக்குப் பிடிபட்டது அங்கேதான்.

அடுத்து, தன் தொலைத்தொடர்புச் சந்தையை எவ்வளவு திறக்கும் என்று ஒவ்வொரு நாடும் வாக்குக் கொடுக்கும் அட்டவணைகள். 1997 பிப்ரவரி 15 அன்று முடிந்த உலக வர்த்தக அமைப்பின் தொலைத்தொடர்புப் பேச்சுவார்த்தையில் 69 அரசுகள் உறுதிமொழி தந்தன. அவை 1998 பிப்ரவரி 5 அன்று நடைமுறைக்கு வந்தன. அட்டவணையில் 'நன்' (None) என்று இருந்தால் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று பொருள்; 'அன்பவுண்ட்' (Unbound) என்றால் உறுதிமொழியே தரவில்லை. இவ்விரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொண்டால் விடை முழுவதும் கவிழ்ந்துவிடும். கடைசியில் உள்ள 'கூடுதல் உறுதிமொழிகள்' பகுதியை விட்டுவிடாதீர்கள். குறிப்பு ஆவணம் அட்டவணைக்குள் வருவது அதன் வழியாகத்தான்.

வழக்குகளில் ஒன்றை மட்டும் ஆழமாகப் படிக்க நேரம் இருந்தால், உலக வர்த்தக அமைப்பில் மெக்சிகோமீது அமெரிக்கா தொடுத்த வழக்கைப் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கான கட்டணத்தை, மெக்சிகோவின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனமான டெல்மெக்ஸ் பேசி முடித்தது; மற்ற நிறுவனங்களும் அதையே வசூலிக்க வேண்டியிருந்தது. மெக்சிகோவின் அன்றைய விதியே அப்படி. மற்ற நிறுவனங்களின் அழைப்புகளைத் தன் வலையமைப்பில் ஏற்க டெல்மெக்ஸ் வாங்கிய இணைப்புக் கட்டணம் செலவை ஒட்டி அமையவில்லை என்று நடுவர் குழு 2004இல் தீர்ப்பளித்தது. உள்நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்பதற்காகப் போட்டிக்கு எதிரான நடைமுறை நியாயமாகிவிடாது என்றும் சொன்னது. தீர்ப்பின் இந்தப் பகுதியை நான் மூன்று முறை படித்தேன்; மூன்று முறையும் பயன் இருந்தது.

"உலக வர்த்தக அமைப்பு சீர்திருத்தத்தைத் திணித்தது" என்று ஒரே வீச்சில் எழுதும் ஆசை வரும். வேண்டாம். இந்தியா தன் அட்டவணையில் தந்த வெளிநாட்டு முதலீட்டு வரம்பு 25 சதவீதம். உள்நாட்டுக் கொள்கையோ அப்போதே 49 சதவீதம் வரை அனுமதித்தது. நாடு ஏற்கெனவே எவ்வளவு தூரம் நடந்திருந்தது, அதில் எவ்வளவுக்கு மட்டும் வாக்குக் கொடுத்தது என்று தனித்தனியே எழுதுங்கள். இறுதித் தேர்வில் நான் உள்நாட்டுச் சட்டத்தின் ஆண்டையும் உறுதிமொழியின் ஆண்டையும் அருகருகே எழுதிவைத்துக்கொண்டு, எது முந்தியது என்று பார்த்த பிறகே முதல் வாக்கியத்தைத் தொடங்கினேன்.