நிறைவு விழா இல்லாத செலவுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சிறிய குடும்ப அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். மானியம் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து, கணக்கைச் சரிபார்த்து, இடத்தை நேரில் போய்ப் பார்த்து, அறங்காவலர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பவர்கள் பெரும்பாலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்து ஆட்கள். கோயில் கமிட்டி, தமிழ்ச் சங்கம், கூத்துக் குழு, ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யும் அக்கம்பக்கத்தார். பாதி விண்ணப்பங்கள் 1860 நவம்பர் 16 அன்று, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ டர்பனுக்கு வந்த கதையில்தான் தொடங்கும். கூரைத் தகடு மாற்றக் கேட்பவரும் அங்கிருந்துதான் வருவார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் நாலாவது பக்கத்தில்தான் கூரை வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எல்லாரும் ஏன் தங்களைப் பள்ளிக்கூடம் மாதிரியே காட்டிக்கொள்கிறார்கள்? காரணம் வரிச் சட்டத்தில் இருந்தது. நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு வேண்டுமென்றால், வாங்கும் அமைப்பு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி ரசீது தர வேண்டும். அந்த ரசீது எந்தெந்தப் பணிகளுக்குச் செல்லும் என்று சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் ஒரு பட்டியல் உண்டு. சமூக நலம், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல், வீட்டு வசதி எல்லாம் அதில் இருக்கின்றன. கலையும் பண்பாடும் தனித் தலைப்பாக இல்லை, சமயமும் இல்லை. அதனால் தெருக்கூத்து ‘இளைஞர் திறன் பயிற்சி’ ஆகிவிடும், பழைய கோயில் ‘மரபுக் கல்வி மையம்’ ஆகிவிடும். பொய் என்று சொல்ல முடியாது. கூத்து வாத்தியார் பையன்களுக்குச் சொல்லித்தானே கொடுக்கிறார்? ஆனால் கல்வி என்று எழுதியதும் பாடத்திட்டம், வருகைப் பதிவு, சான்றிதழ் எல்லாம் பின்னாலேயே வந்துவிடுகின்றன. மேளக்காரருக்கு வருகைப் பதிவேடு வைக்கச் சொன்ன பாவம் எங்களுக்கு உண்டு.

அப்படிப்பட்ட ஒரு வாத்தியாரைப் பார்க்கப் போயிருந்தேன். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகர அலமாரி. திறந்தால் கிரீடம், புஜகீர்த்தி, கண்ணாடிச் சில்லு பதித்த மார்புப் பதக்கம், எல்லாம் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி வைத்திருந்தது. விண்ணப்பத்தில் புது உடுப்புகளுக்குத்தான் கேட்டிருந்தார்.

“ஐயா, இதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கும்மா. உடுப்புன்னு எழுதினாத்தான் காசு வரும்னு சொன்னாங்க. ஒத்திகை முடிய ராத்திரி ஆயிடுது, அந்நேரத்துக்கு டாக்சி ஓடாது. பையன்களை வீட்டுல கொண்டு விட வண்டி இல்ல. அதனாலதான் வரமாட்டேங்குறாங்க.”

அவருக்கு வேண்டியது பெட்ரோல் காசு. அதை எழுதினால் ‘நிர்வாகச் செலவு’ என்று வெட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் விவரம் தெரிந்தவர்.

கோயில்களில் இதுவே பெயிண்ட் வடிவத்தில் வரும். திருவிழாவுக்கு முன்னால் வண்ணம் பூச வேண்டும், உதவுங்கள் என்று கேட்பார்கள். போய்ப் பார்த்தால் கரும்புத் தோட்டக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். அதன்மேல் அடுக்கடுக்காக எனாமல் பெயிண்ட். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே இழுக்கும், வெளியே விடும். எனாமல் அந்த வழியை அடைத்துவிடும். முழங்கால் உயரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும், விரலால் தொட்டால் பூச்சோடு கையில் வரும். மேலே பார்த்தால் மழைநீர்த் தகரம் ஓட்டையாகி, தண்ணீர் நேராகச் சுவரடியில் கொட்டிய தடம். தகரத்தை மாற்றி, இரண்டு மழைக்காலம் சுவரைக் காயவிட்டு, அப்புறம் சுண்ணாம்பு அடித்தால் போதும். ஆனால் தகரத்தின் முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தில் மாற்றம் செய்ய, 1999-இன் மரபுவளச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி மாகாண மரபுத் துறையின் அனுமதி வேண்டும். டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் அது அமாஃபா. அந்தச் சட்டம் நல்ல சட்டம், நான் அதன் பக்கம்தான். அனுமதி வர நாளாகும் என்பதும், பணத்தை நிதியாண்டுக்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும்தான் ஒத்துவராது. அனுமதி தேவைப்படாது என்று தாங்கள் நினைக்கும் வேலையாகப் பார்த்து எழுதுவார்கள். மறுபடியும் பெயிண்ட்.

டர்பனின் கேட்டோ மேனரில், முன்பு பெல்லேர் சாலை என்றிருந்த வுசி ம்சிமேலா சாலையில், அம்பலவாணர் ஆலயம் இருக்கிறது. 1905 வெள்ளத்தில் அழிந்த உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலின் கதவுகளைக் காப்பாற்றி வைத்திருந்து, 1947-இல் கட்டிய இந்தக் கோயிலில் பொருத்தினார்கள். இடைப்பட்ட நாற்பது வருஷமும் அந்தக் கதவுகளைக் கறையான் அரிக்காமல் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாதிரி வேலைக்கு எங்கள் படிவத்தில் எந்தத் தலைப்பில் இடம் கொடுப்பது?

பசுமைத் திட்டங்களுக்கு 18ஏ தொல்லை இல்லை. சுற்றுச்சூழல் பட்டியலிலேயே இருக்கிறது. அங்கே இடிப்பது பருவம். வரியாண்டு பிப்ரவரி கடைசியில் முடிவதால் நன்கொடை அந்த மாதத்தில்தான் மொத்தமாக வந்து விழும். நாங்கள் பரிசீலித்துக் கொடுப்பதற்குள் மழை ஓய்ந்து குளிர்காலம் வந்துவிடும். உம்லட்டுசானா ஆற்றங்கரையில் உண்ணிச்செடியை வெட்டி, தூரைப் பிடுங்கி, இடம் பளிச்சென்று ஆகிவிடும். முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு அறிக்கையும் வரும். அக்டோபரில் மழை பிடித்ததும் மண்ணுக்குள் கிடந்த விதையெல்லாம் முளைக்கும். அப்போதுதான் நாலு பேர் மாதாமாதம் வந்து கையால் பிடுங்க வேண்டும். அந்தக் கூலிக்குக் காசு இருக்காது. நட்டு வைத்த உம்டோனிக் கன்றுகளும் புதருக்குள் போய்விடும். உம்டோனி நம் நாவல் மரத்தின் சொந்தக்காரி. சரி, அது வேறு கதை.

இன்னொரு இடத்தில் சிரிங்கா மரங்களை வெட்டும் திட்டம். மலைவேம்புதான், அரசின் அந்நியத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து, “எல்லாத்தையும் வெட்டிக்கோங்க, கோயில் வாசல்ல இருக்கிறதை மட்டும் தொடாதீங்க. மாரியம்மனுக்கு இலை எங்க போய்ப் பறிக்கிறது?” என்றார். அந்த ஒரு மரத்தைப் பற்றி என் குறிப்பில் ஒன்றும் இல்லை.

அறங்காவலர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. “கூலியும் கரண்ட் பில்லும் நாம் கட்ட ஆரம்பித்தால் எப்போது நிறுத்துவது?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அரசு லாட்டரிப் பணத்திலிருந்து தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்கும் மானியங்களில் நடந்த முறைகேடுகளை விசாரிக்க 2020-இல் அதிபர் சிறப்பு விசாரணைப் பிரிவுக்கு உத்தரவு போட்டதிலிருந்து பயம் இன்னும் கூடியிருக்கிறது. வாங்கிய பொருளை எண்ணிப் பார்க்கலாம், பெட்ரோலை எப்படி எண்ணுவது? என் பதில், மூன்று வருஷத்துக்கு, ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக் கொடுங்கள், மீதியைக் கமிட்டி திரட்டட்டும் என்பது. பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள்.

அதன் விளைவாக இந்த வருஷப் படிவத்தில் ‘பராமரிப்பு’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். இதுவரை வந்தவற்றில் பெரும்பாலும் அது காலியாகவே இருக்கிறது. போன வாரம் ஒரு கோயில் பொருளாளர் போன் செய்தார்.

“அந்தக் கட்டத்துல ஏதாவது எழுதினா எங்களுக்கு மார்க் குறையுமா, அம்மா?”

“குறையாது. மழைத்தகரம் மாத்த என்ன ஆகும்னு எழுதுங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “பெயிண்டையும் சேர்த்து எழுதிடட்டுமா?” என்றார்.