கொலையைக் கடைசியில் சொல்வேன்

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றிக்கும் தாமஸ் பெக்கெட்டுக்கும் வந்த மோதலை, நண்பர்கள் பகைவர்களான கதையாகச் சொன்னால் வகுப்பு வாய்பிளந்து கேட்கும். மன்னரே 1162இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பதவியான கேன்டர்பரி பேராயராக உயர்த்திய நண்பர், 1170 டிசம்பர் 29 அன்று தன் பேராலயத்துக்குள்ளேயே மன்னரின் வீரர்கள் நால்வரால் வெட்டிக் கொல்லப்படுகிறார். ஆனால் அப்படிச் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மனதில் இருவரின் கோபம்தான் தங்கும். எதற்காக மோதினார்கள் என்பது நழுவிவிடும்.

இங்கிலாந்தில் வரலாற்று ஆசிரியையாக இருக்கும் நான், அதனால் கொலையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஒரு வழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாதிரியார் ஒருவர் மேல் கொலைப்பழி. யார் விசாரிப்பது? மன்னரின் நீதிமன்றம் என்றால் உயிரே போகலாம். திருச்சபை நீதிமன்றம் மரண தண்டனை தராது. பதவியைப் பறிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பதவி போன பிறகு அந்த ஆளை எங்களிடம் ஒப்படையுங்கள், தண்டனையை நாங்கள் கொடுக்கிறோம் என்று 1164இல் கிளாரண்டனில் ஹென்றி கேட்டார். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்றார் பெக்கெட்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "கொலை பண்ணிட்டு, நான் பாதிரியார்னு சொன்னா தப்பிச்சுடலாமா, மிஸ்?" என்று ஒரு பையன் கொதித்தான். பின்வரிசைப் பெண் விடவில்லை: "ராஜாவுக்குப் பிடிக்காதவங்களை ராஜாவோட கோர்ட்டே விசாரிச்சா, அவங்களை யார் காப்பாத்துவாங்க?" இந்த இரண்டு கேள்விகளும் வந்துவிட்டால் அதிகாரப் போட்டி என்றால் என்னவென்று நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனமான மாக்னா கார்ட்டாவிலும் இதே வழிதான். சட்டப்படியான தீர்ப்பில்லாமல் சுதந்திர மனிதர் யாரையும் சிறைபிடிக்கக் கூடாது என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் 39ஆம் பிரிவைவிட 61ஆம் பிரிவில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். ஜான் மன்னர் வாக்குத் தவறினால், 25 பிரபுக்கள் அவருடைய கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றலாம். அவர்மீதும் ராணி, பிள்ளைகள்மீதும் மட்டும் கைவைக்கக் கூடாது. 1215 ஜூனில் முத்திரையிட்ட சாசனத்தை ஆகஸ்டிலேயே போப் செல்லாததாக்கினார். ஜான் இறந்த பின் 1216இல் மறுபடி வெளியிட்டபோது இந்தப் பிரிவையே காணோம். அரசுத் தரப்பு எதற்குப் பயந்தது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் ஹென்றி மன்னரை எதிர்த்துக் கலகம் செய்த பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட் 1265இல் நகரப் பிரதிநிதிகளையும் நாடாளுமன்றத்துக்கு அழைத்தார். அதே மனிதர்தான் 1231இல் லெஸ்டர் நகரிலிருந்து யூதர்களைத் துரத்தினார். இரண்டையும் ஒரே பீரியடில் சொல்வதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மன்னரை எதிர்த்தவர் என்பதாலேயே எல்லோருக்காகவும் நின்றவர் என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது.

உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்திடம் தோற்ற முதலாம் சார்லஸ் மன்னரின் கதைக்கு வரும்போது, நாடாளுமன்றம் ஜெயித்தது என்று ஒரே வரியில் முடித்துவிடப் பார்ப்பார்கள். 1649 ஜனவரியில் தன்னை விசாரித்தவர்களிடம் சார்லஸ் திரும்பத் திரும்பக் கேட்டது, எந்த அதிகாரத்தில் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதுதான். விசாரிக்க நியமிக்கப்பட்டவர்கள் 135 பேர். மரண ஆணையில் கையெழுத்திட்டவர்கள் 59 பேர். பலகையில் இந்த இரண்டு எண்களையும் எழுதியதும், "மீதிப் பேர் எங்கே, மிஸ்?" என்று கேட்கிறார்கள். அங்கிருந்து ஒரு மாதம் பின்னால் போகிறோம்: 1648 டிசம்பரில், நாடாளுமன்ற வாசலில் கையில் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலோடு நாடாளுமன்றப் படையின் கர்னல் பிரைட் நிற்கிறார்; யாரை உள்ளே விடுவது என்பதை அவருடைய படைவீரர்கள் முடிவு செய்கிறார்கள்.