கேட்டை மறித்த காரும் நான் வைத்த பூந்தொட்டிகளும்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருக்கும் தெரு, மதில் சுவரிலிருந்து மதில் சுவர் வரை சரியாக 20 அடி. இதை நான் டேப் வைத்து அளந்து சொல்கிறேன். ஏன் அளக்க நேர்ந்தது என்பதுதான் இங்கே எழுத வந்த விஷயம். கண்ணாடியை மடக்கிய ஒரு காரின் அகலம் ஏறத்தாழ ஆறடி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கார் நின்றால், சுவருக்கும் காருக்கும் இடையே விடும் இடைவெளியையும் கழித்துவிட்டு, நடுவில் ஏழரை அடி மிஞ்சும். தண்ணீர் லாரியின் அகலம் எட்டடி. என் அப்பா 1984-இல் ஒரு கிரவுண்டு மனையில் இந்த வீட்டைக் கட்டியபோது தெரு முழுவதற்கும் ஒரே ஒரு பியட் கார்தான் இருந்தது. அதனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தேவை இருக்கவில்லை.

எதிரில் இருந்த ஓட்டு வீடு இடிக்கப்பட்டு எட்டு பிளாட்டுகள் எழும்பிய பிறகு தொடங்கிய தொல்லை, இரண்டாம் மாடிக்கு வாடகைக்கு வந்த இளைஞர் பெரிய கார் ஒன்றை வாங்கியதும் முற்றியது. அவருக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) இரவுப் பணி. விடியற்காலை மூன்று மணிக்கு வந்து, தெருவில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கே வண்டியை விட்டுவிட்டு மேலே போய்ப் படுத்தால் நண்பகல் வரை எழமாட்டார். காலியாக இருக்கும் இடம் பெரும்பாலும் எங்கள் மதில் ஓரமாகவே இருக்கும். ஆனால் அவருடைய காரின் நீளத்துக்கு அந்த இடம் போதாது. பின்பக்கம் இரண்டரை அடி எங்கள் கேட்டின் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் நேரில் போய்ப் பேசினேன். மிகவும் மரியாதையாகவே நடந்துகொண்டார். "சாரி சார், போன் பண்ணுங்க, உடனே வந்து எடுத்துடறேன்" என்று கைப்பேசி எண்ணையும் கொடுத்தார். அடுத்த ஆறு வாரங்களில் அந்த எண்ணுக்கு நான் எத்தனை முறை அழைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. இரவுப் பணி செய்பவர் கைப்பேசியைச் சைலன்ட்டில் போட்டுவிட்டுத்தான் தூங்குவார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. என்றாலும், காலை எட்டரை மணிக்கு அலுவலகப் பையோடு கேட்டில் நிற்பவனுக்கு அந்தப் புரிதலால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே, தெருவில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். கேட்டின் இரு பக்கமும் நான்கு சிமென்ட் தொட்டிகளில் அரளியும் குரோட்டன்ஸும் வைத்தேன். ஒரு டியூஷன் சென்டர் தன் விளம்பரத்தோடு இலவசமாகக் கொடுத்த 'நோ பார்க்கிங்' பலகையைக் கேட்டில் கட்டினேன். இங்கே ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொட்டிகளை நான் கேட்டின் அகலத்தோடு நிறுத்தவில்லை. மதில் சுவர் முடியும் இடம் வரை வரிசையாக நகர்த்தி வைத்திருந்தேன், ஏனென்றால் மாலையில் வேலை முடிந்து வரும் என் மகனின் காருக்கும் இடம் வேண்டியிருந்தது. அவன் வரும்போது இரண்டு தொட்டிகளை நகர்த்துவான், காலையில் போகும்போது திரும்ப வைத்துவிட்டுப் போவான்.

ஏப்ரல் மாதம் வந்தது. பதிவு செய்து காத்திருந்து ஒருநாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு 6,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரி தெருமுனைக்கு வந்தது. எதிரெதிராக நின்ற இரண்டு கார்களைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் இறங்கி வந்தார். உதவியாளர் குழாயை முழுவதும் இழுத்துப் பார்த்தும் எங்கள் சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கு, பன்னிரண்டு அடி குறைந்தது. கைப்பேசியில் அழைத்தேன், காலிங் பெல்லை அழுத்தினேன், பிளாட் வாட்ச்மேனை மேலே அனுப்பினேன். இருபது நிமிடம் பொறுத்திருந்த ஓட்டுநர், "அண்ணே, எனக்கு இன்னும் நாலு டிரிப் இருக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தெருமுனை வரை ரிவர்ஸிலேயே போய்விட்டார். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டிக்கு அடியில் சொட்டிக்கொண்டு போன தண்ணீரின் ஈரக்கோடு சாலையில் வெகுநேரம் காயாமல் கிடந்தது.

அன்று என் மகன், அந்த இளைஞருடைய காரின் நான்கு டயர்களிலும் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்றான். வழக்கறிஞராக இருக்கும் நண்பர் ஒருவரைக் கேட்டேன். அடுத்தவர் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது என்றும், கோடு போடுவது, காற்றைப் பிடுங்குவது போன்ற எதைச் செய்தாலும் அதுவரை புகார்தாரராக இருந்தவர் அந்த நிமிடமே எதிர்மனுதாரராக மாறிவிடுவார் என்றும் அவர் சொன்னார். அதற்குப் பதிலாகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறையின் 103 என்ற எண்ணை அழைக்கச் சொன்னார்.

அழைத்த முக்கால் மணி நேரத்தில் ஒரு காவலர் பைக்கில் வந்தார். கார் நிற்கும் விதத்தைப் பார்த்தார், கேட்டும் நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் விழும்படி நின்று இரண்டு படங்கள் எடுத்தார், கருவியில் எண்ணைத் தட்டி இ-சலான் போட்டார். ஒரு வீட்டின் நுழைவாயிலை மறித்து வண்டியை நிறுத்துவது சாலை விதிகளின்படி தவறு. அதற்குப் பலகையோ கோடோ எதுவும் இருக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் அபராதம் முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 ரூபாய் வரை. வண்டியை இழுத்துக்கொண்டு போக முடியாதா என்று கேட்டேன். அவர் தெருவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இழுக்குற வண்டி உள்ள வரணுமே சார்" என்றார்.

பிறகு என் தொட்டிகளைக் காட்டி, "இதையும் எடுத்துடுங்க, அந்த போர்டையும் கழட்டிடுங்க" என்றார். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு பொதுநல வழக்கைத் தொடர்ந்து, 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே, அனுமதியின்றி வாசலில் 'நோ பார்க்கிங்' பலகை, தடுப்பு, பூந்தொட்டி, மணல் மூட்டை வைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று போக்குவரத்துக் காவல்துறை அறிவித்திருக்கிறது. தெரு மாநகராட்சியினுடையது. கேட் வழியாகப் போய்வரும் உரிமைதான் எனக்கு உண்டு. மதிலை ஒட்டிய இடம், என் அப்பா கட்டிய மதிலாகவே இருந்தாலும், என்னுடையது அன்று. இந்த வேறுபாடு தெரியாமல்தான் நான் அதுவரை பாதி நியாயத்தையும் பாதி அநியாயத்தையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். தொட்டிகளை அன்று மாலையே மொட்டைமாடிக்கு ஏற்றினோம். ஒரு தொட்டி படியில் உடைந்தது.

சலான் தீர்வைத் தரவில்லை, கோபத்தைத்தான் தந்தது. மறுநாளிலிருந்து அந்த இளைஞர் தன் காரைக் கேட்டின் தூணுக்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்தத் தொடங்கினார். அத்துடன் அவருடைய மைத்துனரின் காரும் வந்து, எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே, பிளாட்டின் சுவரை ஒட்டி நின்றது. கேட் திறந்தே இருந்தது; யாரும் அதை மறிக்கவில்லை. ஆனால் 20 அடித் தெருவில், பத்தடிக் கேட்டிலிருந்து ரிவர்ஸில் வெளியே வரும் காரைத் திருப்புவதற்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தாக வேண்டும். ஒருநாள் ஏழு முறை முன்னும் பின்னும் ஒடித்துப் பார்த்தேன். எட்டாவது முறைக்கு என் வண்டியின் பம்பர் தூணில் உரசியது. மறுபடி 103-ஐ அழைத்தபோது வந்த காவலர், "கேட் ப்ரீயாத்தானே இருக்கு சார்" என்று சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

எனவே எழுத்தில் புகார் கொடுத்தேன். இதுபோன்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, மனுவில் கோபத்தை எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள் என்பதுதான். தெருவின் அகலம், கேட்டின் அகலம், இரண்டு கார்கள் நிற்கும்போது மிஞ்சும் இடம் ஆகியவற்றை டேப் தரையில் கிடக்கும் படங்களோடு காட்டினேன். தேதியும் நேரமும் பதிந்த பதினொரு படங்கள். தண்ணீர் லாரி திரும்பிப் போனதை ஒரே பத்தியில் எழுதினேன். தீயணைப்பு வண்டி வந்தாலும் இதே கதிதான் என்று ஒரு வரி சேர்த்தேன். நிலையத்தில் எல்லோரும் நிறுத்திப் படித்த வரி அதுதான். காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் எண் இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

அதே மனுவில், தெருமுனையில் உறை போர்த்தி இரண்டு ஆண்டுகளாக அசையாமல் நின்ற ஒரு பழைய காரையும் குறிப்பிட்டேன். பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரற்று விடப்பட்ட வண்டியை அகற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. மாநகராட்சியின் 1913 எண்ணிலும் அதற்காகத் தனியே பதிவு செய்தேன். கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டப்பட்ட இரண்டாம் வாரம் உரிமையாளரின் தம்பி ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்து தள்ளிக்கொண்டு போனார். காருக்கு அடியில் ஒரு நாய்க் குடும்பமே இருந்தது.

உதவி ஆய்வாளர் இரு தரப்பையும், பிளாட் சங்கச் செயலாளரான அம்மையாரையும் அழைத்துப் பேசினார். எனக்கு மூச்சு விடாமல் பேச ஆசை; அவரோ முதல் கேள்வியை என்னைக் கேட்கவில்லை. "உங்க ஸ்டில்ட்ல எத்தனை கார் நிக்கும்?" என்று, பிளாட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கும் பார்க்கிங் தளத்தைப் பற்றி அம்மையாரைக் கேட்டார். எட்டு வீட்டுக்கு எட்டு இடம் என்றார். "எத்தனை நிக்குது?" என்ற கேள்விக்கு அவர் சற்று நேரம் பதில் சொல்லவில்லை. ஆறுதான் நின்றன. மீதி இரண்டு இடங்களைக் கிரில் போட்டு அடைத்து, உள்ளே அண்டா, குண்டான், ஜல்லிக் கரண்டி, மடக்கு நாற்காலிகள் என்று கல்யாணச் சமையல் சாமான்கள் அடுக்கப்பட்டிருந்தன. அந்தச் சாமான்களின் சொந்தக்காரர்தான் இரண்டாம் மாடி வீட்டின் உரிமையாளர். அதாவது, வாடகை ஒப்பந்தத்தில் 'கார் பார்க்கிங் உட்பட' என்று எழுதி வாடகை வாங்கிக்கொண்டு, அந்த இளைஞருக்குச் சேர வேண்டிய இடத்தில் அண்டாவை வைத்திருந்தவர். என் தங்கையின் திருமணத்துக்கு அவர்தான் சமையல். அந்த அண்டாக்களில் ஒன்றில் எங்கள் வீட்டுப் பாயசம் கொதித்திருக்கும்.

இத்தனை மாதமாக எனக்கு வில்லனாகத் தெரிந்த இளைஞர், "கேட்டா வாடகையை ஏத்திடுவாங்கன்னு கேக்கல சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவர் என் மீது காட்டிய வீம்பை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. பம்பர் உரசலுக்கு ஆன செலவு என்னுடையது. ஆனால் கோபத்தில் பாதியை வேறு வாசலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த வாசலில் நின்று பேசுவதுதான் கடினமாக இருந்தது. "மாமா, கிரில்லை எடுத்துடுங்கோ" என்று நான் சொன்னபோது, அவர் முதலில் என் அப்பா இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பாரா என்றார். பிறகு மாமி உள்ளேயிருந்து வந்து, கோடம்பாக்கத்தில் குடோன் பார்க்கச் சொல்லித் தானும் மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொல்லவும், விஷயம் பாதி முடிந்துவிட்டது.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஒரு மாதத்தில் கிரில்லை அகற்றுவது. அதுவரை இளைஞரின் கார், உறை போர்த்திய கார் நின்ற தெருமுனை இடத்தில் நிற்பது. எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே இருக்கும் பதினைந்து அடியில் யாரும் காலை ஏழு மணிக்கு மேல் நிறுத்தாமல் இருப்பது. என் மகனின் கார் போர்டிகோவுக்குள் என் காருக்குப் பின்னால் நிற்பது. கடைசி நிபந்தனை உதவி ஆய்வாளர் சேர்த்தது. அதற்காக அப்பாவின் பழைய ஸ்கூட்டரையும், உடைந்த கூலரையும், இருபது ஆண்டுச் செய்தித்தாள்களையும் போர்டிகோவிலிருந்து காலி செய்ய வேண்டியிருந்தது. இந்தத் தாளுக்குச் சட்டப்படி என்ன மதிப்பு என்று நான் யாரையும் கேட்கவில்லை. கிரில் ஒரு மாதத்தில் போகவில்லை, மூன்று மாதம் ஆனது, ஆனால் போனது.

இப்போது லாரி உள்ளே வருகிறது. இளைஞரின் காருக்கு ஸ்டில்ட்டில் இடம் இருந்தாலும், விருந்தினர் வரும் நாளிலோ சோம்பலிலோ அவர் மாதத்தில் இரண்டு மூன்று தடவை தெருவில் விடுகிறார். அப்போது முன்கண்ணாடிக்கு உள்பக்கம் ஓர் அட்டை வைத்துவிட்டுப் போகிறார். அதில் இரண்டு கைப்பேசி எண்கள் இருக்கின்றன. முதலாவது அவருடையது, நண்பகல் வரை அடித்துக்கொண்டேயிருக்கும். இரண்டாவது அவருடைய மனைவியுடையது. அதைத்தான் எடுக்கிறார்கள்.