தாரா சிலையும் தரம் 10 வரலாற்றுப் பாடமும்

வன்னியின் கிராமப் பாடசாலை மாணவரை லண்டனுக்கு அழைத்துச் செல்ல இயலாது. ஆயினும், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டு, இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கும், பௌத்தப் பெண் தெய்வமான தாராவின் சிலையை, அதன் இணையச் சேகரிப்பிலிருந்து எடுத்து வகுப்பறைச் சுவரில் பெரிதாகக் காட்ட முடியும். எமது பக்கத்தில் இணைய இணைப்பு நம்பத்தக்கதன்று என்பதால் படங்களை முதல்நாள் இரவே தரவிறக்கி வைத்துவிடுவேன்.

படம் விழுந்தவுடன் நான் விளக்கம் சொல்வதில்லை, பார்க்க விடுகிறேன். வரமளிக்கும் பாவனையில் தாழ்ந்த வலது கையையும், உயர்ந்த மகுடத்தில் வெறுமையாய்க் கிடக்கும் குழியையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். அக்குழியில் என்ன இருந்திருக்கும் என்ற வாதம் தொடங்கினால் மணி அடித்தாலும் ஓயாது. அதன்பிறகே பதிவேட்டுக் குறிப்புக்குப் போகிறோம்: பொன்முலாம் பூசிய வெண்கலம், உயரம் 143 சென்ரிமீற்றர், இலங்கையின் முன்னாள் பிரித்தானிய ஆளுநர் ரொபேர்ட் பிரவுண்றிக் 1830இல் வழங்கியது.

“அவருக்கு அதை ஆர் குடுத்தது, சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானபோது ஆளுநராக இருந்தவரும் அவரே என்பதால், பாடநூலில் தனித்தனியே கிடந்த இரண்டு அலகுகள் அந்தக் கேள்வியில் ஒன்றாயின. எங்கள் உள்ளூர் அருங்காட்சியகங்களின் பொருட்களுக்கும் இத்தகைய பதிவேடு, தமிழிலேயே, இணையத்தில் வரவேண்டும் என்பதை நான் வற்புறுத்திக் கேட்கிறேன்.