பனியனைப் பார்த்து வெட்டினார்கள்

தகராறு ஒரு ஃபிளெக்ஸ் பேனரில் ஆரம்பித்தது. ஓசூரில் எங்கள் தெருக்காரர்கள் மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டியதைப் பக்கத்துத் தெருப் பையன்கள் கிழித்தார்கள். பதிலுக்கு ஒரு பைக் எரிந்தது. எல்லாம் பதினெட்டு, இருபது வயசு. பாதிப் பேருக்கு சிப்காட்டில் ஒப்பந்த வேலை, மீதிப் பேருக்கு அதுவும் கிடையாது.

என் தம்பி எந்த செட்டிலும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தவன் தெருக் கபடி டீம் பனியனைப் போட்டிருந்தான், அவ்வளவுதான். வலது கையில் வெட்டு. வெட்டியவர்கள் முகத்தில் கர்ச்சீப். யாரென்று தெருவுக்கே தெரியும்; எஃப்.ஐ.ஆரில் மட்டும் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’.

இதற்கு அரசு இழப்பீடு உண்டு என்பதே ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 396. ஆள் சிக்காமல் வழக்கு விசாரணைக்கே வராவிட்டாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினோம். எஃப்.ஐ.ஆர். நகல் (பாதிக்கப்பட்டவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள்), டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், பாஸ்புக் எல்லாம் சரி.

மாட்டியது ஏ.ஆர். காப்பியில். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் எழுதுகிற பதிவு அது. ‘பைக்கிலிருந்து விழுந்ததாகக் கூறப்படுகிறது’ என்று இருந்தது. தூக்கிக்கொண்டு போன கூட்டாளிகள் சொன்னது. ஏண்டா என்றால், “கேஸானா அவனுங்க உள்ள போயிருவானுங்கண்ணா. நாங்க பாத்துக்கறோம்.” ஆள் வெளியே இருந்தால்தானே பழி தீர்க்க முடியும்! மறுநாள் தம்பி வாக்குமூலம் கொடுக்காமல் இருந்திருந்தால் வழக்கே இல்லை.

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காயச் சான்றிதழ் வாங்க நாலு நடை. கூரிய ஆயுதத்தால் ஏற்பட்ட காயம் என்று, நரம்பு அறுந்த இடத்தோடு எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் மனு நகர்ந்தது. வந்த தொகையில் ஆஸ்பத்திரிக் கடன் பாதி அடைந்தது. சி.என்.சி. மிஷின் வேலை போனது போனதுதான்.

பணம் விழுந்தும் உடனே எடுக்க முடியவில்லை. மூன்று விரல் மடங்காததால் கையெழுத்து பொருந்தவில்லை, புதுசாகப் பதியச் சொன்னார்கள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஒரு வாரம் இடது கையால் எழுதிப் பழகினான். கவுண்டரில் போட்டபோது எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. கிளார்க் உற்றுப் பார்த்துவிட்டு, “இனிமே எப்பவும் இதே மாதிரிதான் போடணும் தம்பி” என்றார்.