பல்லாங்குழியும் பைபையும்

பத்து லட்சம் பல்லாங்குழி ஆட்டத்தை ஆடி முடிக்க என் பழைய மடிக்கணினிக்கு ஒரு மணித்தியாலமும் மூன்று நிமிடமும் பிடித்தது. அதுவும் கறன்ட் போகாத நாளில். கச்சான் காற்று வீசுகிற இந்த மாதங்களில் மட்டக்களப்புக் கல்லடியில் பொழுது சாயும் வரை வீடே அடுப்பாகக் கிடக்கும். அதற்குள் இந்தப் பெட்டியின் காற்றாடி வேறு மா அரைக்கிற மில் மாதிரி இரையும்.

விஷயம் இதுதான். அம்மம்மாவிடம் ஒரு பல்லாங்குழிப் பலகை இருக்கிறது. இந்தப் பக்கம் ஏழு குழி, அந்தப் பக்கம் ஏழு. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. முதல் கை வைக்கிறவருக்குத்தான் ஆட்டம் என்பது அவருடைய கட்சி. எங்கள் வீட்டில் முதல் கை எப்போதும் அவர்தான் வைப்பார், எப்போதும் நான்தான் தோற்பேன். ஆகவே எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. இரண்டு பேரும் யோசிக்காமல் கைக்கு வந்த குழியை அள்ளி ஆடினால் யாருக்கு வாய்க்கிறது என்று எண்ணிப் பார்க்க, பைதான் என்ற கணினி மொழியில் இருநூறு வரிக்குள் ஒரு புரோகிராம் எழுதினேன். அது சரியாக ஓடியது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். வேகம்தான் இல்லை. ஒரு விதியை மாற்றினால் இன்னொரு மணித்தியாலம். இரண்டு தடவை பாதியில் கறன்ட் போனது. பற்றரி எப்போதோ செத்துவிட்டது.

கல்முனையில் இருக்கிற மச்சானிடம் சொன்னபோது, "சி-யில எழுது" என்றான். சி வேகமான கணினி மொழி, எழுதலாம். எனக்கு அது பொழுதுபோக்கு இல்லை, தண்டனை. "அப்ப பைபை போட்டுப் பார்" என்றான். தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அவன் எங்கோ பயணம் சொல்கிறான் என்று நினைத்து, "எங்க போறானாம்?" என்று கேட்டார். இந்தப் பெயரால் வந்த குழப்பங்களில் அது முதலாவது.

பைபை என்பது இன்னொரு மொழி இல்லை. பைதான் என்று நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்வது சிபைதான். அதாவது பைதான் மொழியைப் புரிந்து ஓட்டுவதற்காகச் சி மொழியில் எழுதப்பட்ட இன்டர்பிரிட்டர். கீடோ வான் ரோசம் 1991ல் வெளியிட்டதன் நேர் வாரிசு. பைபை அதே மொழியை ஓட்டுகிற வேறொரு இன்டர்பிரிட்டர். வேடிக்கை என்னவென்றால் இதைப் பைதானிலேயே எழுதியிருக்கிறார்கள். முழுப் பைதான் இல்லை, ஆர்பைதான் என்று கைகால் கட்டிய ஒரு பகுதி. அதைச் சி-க்கு மாற்றி, கம்பைல் பண்ணித்தான், அதாவது கணினி நேரே ஓட்டக்கூடிய வடிவாக்கித்தான், நம் கைக்குத் தருகிறார்கள். அதன் சின்னம் தன் வாலைத் தானே கடிக்கிற பாம்பு. 1.0 பதிப்பு 2007ல் வந்தது. இத்தனை வருடம் அது அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் எட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளி இரவு. டேட்டா இரவில்தான் மலிவு, ஆகவே பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தேன். என் கணினியில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். அதன் களஞ்சியத்திலேயே பைபை உண்டு, ஒரே கட்டளையில் வந்துவிடும், ஆனால் அங்கே இருப்பது பழைய பதிப்பு. அதனால் அவர்களுடைய தளத்துக்கே போனேன். அங்கே பைல் பெயரில் இரண்டு எண்கள் இருக்கும், முதலில் குழம்பினேன். 3.11 என்பது எந்தப் பைதானுக்கு நிகர் என்பது, 7.3 என்று தொடங்குவது பைபையின் சொந்தப் பதிப்பு எண். என் புரோகிராம் 3.10ஐத் தாண்டிய எதையும் கேட்கவில்லை, இருந்தாலும் புதியதையே எடுத்தேன். லினக்ஸ் 64 பிட் என்று பார்த்து எடுக்க வேண்டும். கணினி எது என்று தெரியாவிட்டால் டெர்மினலில், அதாவது கட்டளை எழுதுகிற ஜன்னலில், யுநேம் கட்டளை சொல்லிவிடும்.

பைல் சுமார் 30 எம்பி. பெரிதில்லை. ஆனால் பாதிக்கு மேல் வந்தபிறகு இணைப்பு அறுந்தது, உலாவி முடிந்துவிட்டது போலக் காட்டியது. நானும் நம்பி அவிழ்க்கப் போனேன். பைல் எதிர்பாராமல் முடிகிறது என்று ஒரு வரி வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் தளத்தில் ஒவ்வொரு பைலுக்கும் நேரே நீளமாக ஒரு எண்-எழுத்துக் கோவை இருப்பதைக் கண்டேன். ஷா256 கூட்டு, பைல் முழுதாக வந்ததா என்று சரிபார்க்க. இறக்கிய பைலுக்கு நம் கணினியில் ஷா256சம் கட்டளை போட்டால் அதே கோவை வர வேண்டும். என்னுடையதில் முதல் எழுத்தே வேறு. மறுகா டபிள்யூகெட் என்ற இறக்கும் கட்டளையில் -c என்ற தெரிவைச் சேர்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னேன், மிச்சத்தை மட்டும் இழுத்துக்கொண்டது. இந்தமுறை 64 எழுத்துக் கோவை ஒத்துப்போனது. கடைசி எட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நிறுவல் என்று ஒன்று கிடையாது. சுருட்டிய பைலை அவிழ்த்தால் ஒரு போல்டர், அதற்குள் பின் (bin) என்ற போல்டர், அதற்குள் பைபை3. அவ்வளவுதான். அதை டெர்மினலில் கூப்பிட்டு ஓட்டலாம். நான் கெட்டிக்காரத்தனமாக அந்த ஒரு பைலை மட்டும் வெட்டி வேறு இடத்தில் ஒட்டப்போக, தனக்கு வேண்டிய நூலகம் காணோம் என்று முரண்டு பிடித்தது. பக்கத்தில் இருக்கிற சாமான்களோடுதான் அது வாழும். போல்டரை அப்படியே வீட்டு அடைவில் வைத்துவிட்டு, அதைச் சுட்டிக்காட்டுகிற ஒரு குறியிணைப்பு மட்டும் போட்டேன். அதற்குப் பிறகு எங்கிருந்து கூப்பிட்டாலும் வந்தது.

வந்தபோது பார்த்தது: வழக்கமான பைதான் >>> என்று மூன்று கூர்க்குறியோடு காத்திருக்கும், இது >>>> என்று நான்கு. இரண்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறவனுக்கு இது பெரிய உதவி. எதற்குள் இருக்கிறோம் என்று ஒரு பார்வையிலேயே தெரியும்.

என் புரோகிராமைக் கொடுத்தேன். டிகியூடிஎம் என்ற தொகுதி இல்லை என்றது. எத்தனை ஆட்டம் முடிந்தது என்று கோடு காட்டுகிற சின்னத் தொகுதி அது. பழைய பைதானில் போட்டிருந்தது இதற்குத் தெரியாது, இரண்டும் தனித்தனிக் குடித்தனம். பைபையைக் கூப்பிட்டு முதலில் என்ஷூர்பிப் ஓட்டி, தொகுதிகளை இறக்கித் தருகிற பிப் என்ற கருவியை வரவழைக்க வேண்டும், பிறகு அதால் தொகுதியை இறக்க வேண்டும். பிப் போய் எடுக்கிற களஞ்சியத்தின் பெயர் பைபிஐ. பைபை, பைபிஐ, பிப். மச்சானுக்கு விளக்கும்போது நானே இரண்டு தடவை மாற்றிச் சொன்னேன்.

முதலில் நூறு ஆட்டம் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். பழைய பைதானை விட மெல்ல! பெட்டியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில்தான் வாசித்துப் பார்த்தேன். பைபையின் வேகம் முழுக்க ஜிட் என்கிற உறுப்பில் இருக்கிறது. அது புரோகிராம் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்க்கும். ஒரு சுழற்சி திரும்பத் திரும்ப ஓடினால், வழக்கமாக 1039 தடவை என்று கணக்கு, அந்தச் சுழற்சியில் உண்மையில் நடந்ததைப் பதிந்து அதை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றி வைத்துக்கொள்ளும். அதன்பிறகு அந்த இடத்தில் இன்டர்பிரிட்டர் வேலையே இல்லை. ஆக, சூடேற நேரம் வேண்டும். இரண்டு விநாடியில் முடிகிற புரோகிராமுக்கு இதைப் பூட்டுவது, பக்கத்துக் கடைக்குப் போக லொறி பிடிக்கிற கதை. என்னுடையதோ ஒரு கொட்டையை வைத்து அடுத்த குழிக்கு நகர்வதையே கோடிக்கணக்கில் செய்கிற புரோகிராம். ஜிட்டுக்கு இதைவிடப் பிடித்த சாப்பாடு இருக்காது.

பத்து லட்சம் ஆட்டத்தையும் கொடுத்தேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மொத்தம் 5 நிமிடம் 50 விநாடி. பத்து மடங்குக்கும் மேல். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

ஆனால் முடிவு அட்டவணை வெறுமையாக இருந்தது.

இதில்தான் சனிக்கிழமை முழுவதும் போனது. புரோகிராம் பத்தாயிரம் ஆட்டத்துக்கு ஒருமுறை கணக்கை ஒரு பைலில் சேர்க்கும். எல்லாம் முடிந்ததும் அதே புரோகிராம் அந்தப் பைலைத் திறந்து, கூட்டி, அட்டவணை போடும். பழைய பைதானில் ஒருநாளும் சிக்கல் இல்லை. இங்கே திறந்து படித்தால் ஒன்றுமில்லை. இன்னொரு ஜன்னலில் பார்த்தேன், பைலின் அளவு பூச்சியம். புரோகிராம் முடிந்த பிறகு திரும்பப் பார்த்தால் அத்தனை வரியும் உள்ளே இருக்கிறது! பேய் பிடித்த பைல் என்று மச்சானுக்கு எழுதினேன். "நீ பைலை மூடினாயா?" என்று ஒரு வரியில் பதில்.

மூடவில்லை. திற, எழுது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நடையைக் கட்டியிருந்தேன். சிபைதான் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூச்சியமான அந்தக் கணத்திலேயே பொருளை அழித்துவிடும். பைல் என்றால் எழுதவேண்டியதை எழுதி மூடியும் விடும். என் சோம்பலை இத்தனை காலம் அதுதான் மூடி மறைத்திருக்கிறது. பைபை அப்படி எண்ணுவதில்லை. குப்பை சேர்ந்த பிறகு, தனக்கு வசதியான நேரத்தில் மொத்தமாகக் கூட்டும். அதுவரை நான் எழுதியது நினைவகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், புரோகிராம் முடிகிறபோதுதான் பைலில் இறங்கும். பிழை பைபையில் இல்லை. மூட வேண்டியது எழுதுகிறவன் பொறுப்பு என்றுதான் பைதானின் ஆவணமும் சொல்கிறது. வித் என்ற சொல்லைப் போட்டு பைலைத் திறந்தால் அந்தப் பந்தி முடிந்ததும் தானாக மூடிவிடும். நான்கு இடத்தில் திருத்தினேன். இதே நோய் வேறு எங்கு இருக்கிறது என்று தேட, -X தெரிவோடு டிராக்-ரிசோர்சஸ் என்று கொடுத்து ஓட்டினால் மூடாத பைல் எந்த வரியில் திறக்கப்பட்டது என்று பைபையே காட்டிக்கொடுக்கும். எனக்கு இன்னும் ஒன்று அகப்பட்டது, இரண்டு வருடத்துக்கு முந்திய இன்னொரு புரோகிராமில்.

படம் வரையும் பகுதியைப் பைபைக்குக் கொண்டுவரவில்லை. படம் வரைகிற மேட்பிளாட்லிப், அதற்கு அடியில் எண்களைக் கையாளுகிற நம்பை, இவையெல்லாம் சி-யில் எழுதிய உள்ளுறுப்புகளைக் கொண்டவை, சிபைதானை மனதில் வைத்துச் செய்தவை. பைபையிலும் அவை ஓடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் இடையில் ஒரு மொழிபெயர்ப்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். 1924ல் திறந்த எங்கள் பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2013ல் புதுப் பாலம் வருமட்டும் அந்த ஒடுங்கிய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மறு பக்கம் காத்துநிற்கும். இரு கரையிலும் எத்தனை வேகமாக ஓடினாலும் பாலத்தில் ஊர்ந்துதான் ஆக வேண்டும். ஆகவே வேலையைப் பிரித்தேன்: ஆட்டம் பைபையில், முடிவு ஒரு பைலில், படம் பழைய பைதானில். இரண்டுக்கும் சண்டை இல்லை.

ஞாயிறு பின்னேரம் அம்மம்மாவிடம் படத்தைக் காட்டினேன். நீலக் கோடும் சிவப்புக் கோடும் அவருக்கு எந்த மரியாதையையும் ஏற்படுத்தவில்லை. "ஒரு ஆட்டத்த ஆடிக் காட்டு" என்றார். ஒரே ஒரு ஆட்டத்தை அடியடியாக அச்சிடச் செய்து, நான் வாசிக்க வாசிக்க அவர் பலகையில் கொட்டையை நகர்த்தினார். மூன்றாவது சுற்றில் கை நின்றது.

"இது பிழை மனே. இந்தக் குழியில நாலு சேந்திருக்கு, பசு. குழி என்ர பக்கம். கொட்டைய நீ ஏன் எடுத்த?"

"ஆடினது நான்தானே அம்மம்மா."

"ஆர் ஆடினா என்ன? குழி ஆர்ர பக்கமோ, பசு அவருக்கு. உனக்கு ஆர் இப்பிடிச் சொல்லித் தந்தது?"

யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மாதமாகப் பசுவை எல்லாம் ஆடுகிறவனுக்கே ஓட்டிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வரி. குழியின் எண் ஏழுக்குக் கீழா மேலா என்று பார்க்கச் சொல்லி அவர் முன்னாலேயே திருத்தி, பத்து லட்சத்தையும் திரும்ப ஓடவிட்டேன். காற்றாடி இரையத் தொடங்கியது. எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார். ஆறு நிமிடம் என்றேன்.

"அதுக்குள்ள நாம ஒண்டு ஆடலாம்" என்று கொட்டைகளை ஐந்தைந்தாகப் போட்டுவிட்டு, முதல் கையை அவரே வைத்தார்.