டெபியன் சர்வரில் கணக்கு, கடவுச்சொல் விதிகளை ஒழுங்குபடுத்திய அனுபவம்

எங்கள் துறையில் மாணவர்களும் ஆய்வாளர்களும் எஸ்எஸ்ஹெச் எனும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழைந்து பயன்படுத்தும் சர்வரை டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றியபோது, பழைய கணக்குகளுக்கும் இனி வரப்போகும் கணக்குகளுக்கும் ஒரே கடவுச்சொல் விதி இருக்க வேண்டும் என்று முடிவாகி, அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. 90 நாட்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும் என்பது முதலில் வந்த கோரிக்கை. அடிக்கடி மாற்றச் சொன்னால் பெரும்பாலோர் பழைய சொல்லின் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்கிறது. இதை எடுத்துச் சொன்ன பிறகு 365 நாட்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். கெடுவே வேண்டாம் என்பதுதான் இன்றும் என் கருத்து.

அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில் உள்ள லாகின்.டெஃப்ஸ் கோப்பில், கடவுச்சொல் செல்லும் அதிகபட்ச நாட்களைக் குறிக்கும் பாஸ்_மேக்ஸ்_டேஸ் மதிப்பு 99999 என்று இருக்கும். நாட்களாகக் கணக்கிட்டால் 273 ஆண்டுகளுக்கு மேல், அதாவது காலாவதியே இல்லை என்று பொருள். அதை 365 ஆக்கினேன். முன்னெச்சரிக்கை நாட்களை 7-இலிருந்து 14 ஆக உயர்த்தினேன். ஆனால் இந்தக் கோப்பிலுள்ள நாள் வரம்புகள் கணக்கு உருவாகும் அந்த நேரத்தில் மட்டுமே படிக்கப்படுகின்றன. அப்போது அவை, கடவுச்சொல் விவரங்களை வைத்திருக்கும் ஷேடோ கோப்பில் அந்தப் பயனரின் வரியில் பதிந்துவிடும், பிறகு லாகின்.டெஃப்ஸில் எதை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ள கணக்கு அசையாது.

ஷேடோ கோப்பில் ஒருவருடைய வரியை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒன்பது புலங்களில் முதலாவது பயனர் பெயர், இரண்டாவது ஹாஷ் (கடவுச்சொல்லின் மறைக்கப்பட்ட வடிவம்), மூன்றாவது கடவுச்சொல் கடைசியாக மாறிய நாள். அந்த நாள் 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணப்படுவதால், 19723 என்று இருந்தால் 2024 ஜனவரி 1 என்று கொள்ள வேண்டும். அடுத்தடுத்து வருபவை குறைந்தபட்ச நாள், அதிகபட்ச நாள், எச்சரிக்கை நாள். பழைய கணக்குகளில் இந்த அதிகபட்ச நாளைத் திருத்த, கடவுச்சொல் கெடுக்களை மாற்றும் சேஜ் கட்டளையைப் பெரிய எம் (M) விருப்பத்துடன் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே இயக்க வேண்டும். சின்ன எம் கொடுத்தால் குறைந்தபட்ச நாள் மாறிவிடும் என்பதால் அந்த எழுத்தில் கவனம் தேவை.

அந்தக் கட்டளையை எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே சுற்றில் ஓட்டிவிடலாம்தான். ஆனால் ஐந்தாறு ஆண்டுகளாகக் கடவுச்சொல்லை மாற்றாதவரின் கணக்கில் 365 என்று எழுதிய அந்த நொடியே அவருடைய கடவுச்சொல் காலாவதி ஆகிவிடும். கடவுச்சொல் கொண்டு நுழைபவர் என்றால் புதிதாக ஒன்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். கடவுச்சொல்லுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் சாவிக் கோப்பு கொண்டு நுழைபவருக்கோ, தான் மறந்தே போன பழைய கடவுச்சொல்லைக் கொடு என்ற கேள்வி எழும். இரவில் தானாக ஓடிக் கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க், மாற்றிக்கொள்ள டெர்மினல் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாகத் தொடங்கும் கிரானின் வேலைகளும் அப்படியே. கணக்கு செல்லுபடியாகுமா என்று, உள்நுழைவைச் சரிபார்க்கும் பாம் என்ற பகுதி வழியாகக் கேட்டுவிட்டுத்தான் கிரான் எதையும் தொடங்குகிறது, காலாவதி என்று பதில் வந்தால் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு அந்த வேலையை விட்டுவிடும். யாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காத நேரத்தில் நடப்பதால், காப்புப் பிரதி எடுக்கப்படவில்லை என்பது தேவைப்படும் அன்றுதான் தெரியவரும்.

எனவே பயனர் எண் 1000-உம் அதற்கு மேலும் உள்ள, அதாவது இயங்குதளத்துக்கே உரியவை அல்லாத சாதாரணக் கணக்குகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் சேஜின் சின்ன எல் விருப்பத்தால் பார்த்து, மனிதர்கள் பயன்படுத்துபவை, நிரல்கள் பயன்படுத்துபவை என இரண்டாகப் பிரித்தேன். நிரல்களுடைய கணக்குகளில் அதிகபட்ச நாளை -1 ஆக்கிக் கெடுவையே நீக்கினேன். மனிதர்களுடையவற்றில் கடைசியாக மாற்றிய நாளை அன்றைய தேதிக்குக் கொண்டுவந்த பிறகே 365-ஐ எழுதினேன். அதனால் அனைவருக்கும் முழுதாக ஓர் ஆண்டு கிடைத்தது. மாணவர் கணக்குகளுக்குப் படிப்பு முடியும் தேதியைப் பெரிய இ விருப்பத்தால் குறித்தேன்; அது கடவுச்சொல்லின் கெடு அன்று, கணக்கின் கெடு.

நீளத்தைப் பொறுத்தவரை லாகின்.டெஃப்ஸில் எதையும் எழுதிப் பயனில்லை. குறைந்தபட்ச நீளத்துக்கான பாஸ்_மின்_லென் என்ற பெயர் அங்கே, பாம் வந்தபின் வழக்கொழிந்தவை என்ற பட்டியலில்தான் இருக்கிறது. இதற்கெனப் பாம் பிடபிள்யூகுவாலிட்டி பொதியை நிறுவி, செக்யூரிட்டி அடைவிலுள்ள அதன் கோப்பில் மின்லென் 14 என்று வைத்தேன். பெரிய எழுத்து, எண், குறியீடு கட்டாயம் என்ற நிபந்தனைகளைச் சேர்க்கவில்லை. நாலைந்து சொற்களைக் கோத்த நீண்ட தொடரே நினைவில் நிற்கும், உடைக்கவும் கடினம். சோதித்தபோது, முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிக் கணக்கான ரூட்டாக இருந்து பலவீனமான கடவுச்சொல் கொடுத்தால் எச்சரித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. உதவி மையத்தார் ரூட்டாக இருந்து கடவுச்சொல்லை மீட்டமைக்கும்போதும் விதி பொருந்த வேண்டும் என்பதால், என்ஃபோர்ஸ்_ஃபார்_ரூட் வரியையும் சேர்த்தேன்.

பயனர் தன் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வீட்டு அடைவு விஷயம் எளிதாக முடிந்தது. புதுக் கணக்கை உருவாக்க டெபியனில் யூசர்ஆட், ஆட்யூசர் என்று இரண்டு கட்டளைகள்; யூசர்ஆட் சின்ன எம் விருப்பம் இல்லாமல் வீட்டு அடைவை உருவாக்காது. ஆட்யூசர் உருவாக்கும், ஆனால் அடைவின் அனுமதியைத் தன் சொந்த அமைப்புக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எந்தக் கட்டளையால் உருவாக்கினாலும் பிறர் எட்டிப் பார்க்க முடியாதபடி இரண்டு இடத்திலும் 0700 என்று எழுதினேன்.

தவறான முயற்சிகளுக்குக் கணக்கைப் பூட்டும் ஃபெயில்லாக்கைச் சேர்ப்பதா என்பதில்தான் கருத்து வேறுபாடு இருந்தது. அதன் இயல்புநிலைப்படி மூன்று தவறுக்குப் பத்து நிமிடப் பூட்டு. மாணவர்கள் கூடும் இடத்தில், பக்கத்தில் இருப்பவர் பெயரைப் போட்டு மூன்று முறை தப்பாகத் தட்டினால் போதும், செய்முறைத் தேர்வு நேரத்தில் அவர் வெளியே நிற்பார். எனவே அளவைப் பத்து முயற்சிகளாக உயர்த்தி, பூட்டும் நேரத்தை இரண்டு நிமிடமாகக் குறைத்தேன். பாம் கோப்புகளைத் திருத்தும்போது மட்டும் வேறொரு சாளரத்தில் ரூட்டாக நுழைந்த அமர்வு ஒன்றைத் திறந்தே வைத்திருந்தேன். சோதனைக் கணக்கு உள்ளே நுழைவதையும், பூட்டிக்கொள்வதையும், இரண்டு நிமிடத்தில் மீண்டும் திறப்பதையும் பார்த்த பிறகே அதை மூடினேன்.